சூப்பர் மார்க்கெட் மூடினால் பக்கத்து சலூன் ஏன் ஆட்டம் காண்கிறது?

அமெரிக்காவிலோ கனடாவிலோ எந்தப் புறநகர்ச் சாலையில் போனாலும் இந்தக் கடைத்தொகுதி கண்ணில் படும். ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட். அதை ஒட்டி வரிசையாகச் சிறு கடைகள்: மருந்துக் கடை, சலவைக் கடை, சலூன், பீட்சா கடை, பல் மருத்துவர், வரிக் கணக்குப் பார்த்துக் கொடுப்பவர். முன்னால் அகன்ற வாகன நிறுத்துமிடம். சாலையோரத்தில் எல்லாக் கடைகளின் பெயரையும் அடுக்கிய உயரமான பலகை. பிரம்மாண்டமான மால்களைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. ஆனால் மக்கள் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை போய்வரும் இந்தச் சாதாரணக் கட்டடத்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

பேச வேண்டிய விஷயம் அதில் நிறைய இருக்கிறது. இங்கே ஒரு சிறு கடை பத்து ஆண்டுகள் நிலைத்தால் உரிமையாளர் கெட்டிக்காரர் என்கிறோம். இரண்டே ஆண்டில் மூடினால் அவருக்கு வியாபாரம் தெரியவில்லை என்கிறோம். பல நேரங்களில் இரண்டுமே தவறு. அந்தக் கடையின் ஆயுளை அவர் கையெழுத்திட்ட குத்தகைப் பத்திரமும், அவர் ஒருபோதும் பார்த்திராத இன்னொரு பத்திரமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. அந்த இன்னொன்று, பக்கத்துப் பெரிய கடை கட்டட உரிமையாளரோடு செய்துகொண்டது.

ஒரே உரிமையாளர்

பழைய கடைத்தெருவில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. ஒருவர் வாடகையை ஏற்றினால் எதிர்சாரியில் இடம் பார்க்கலாம். கார்கள் பெருகியதும் அந்தத் தெருக்கள் திணறின. வண்டியை நிறுத்த இடமில்லை. இதற்குத் தீர்வாக 1920களில் புதிய வடிவங்கள் முளைத்தன. கான்சாஸ் நகரில் ஜே.சி. நிக்கோல்ஸ் என்ற கட்டுமானத் தொழிலதிபர், தாம் உருவாக்கிய குடியிருப்புகளுக்கு அருகில் 1923இல் கன்ட்ரி கிளப் பிளாசாவைத் திறந்தார். அது பெரியது, அலங்காரமானது. இன்றைய அக்கம்பக்கக் கடைத்தொகுதியின் நேரடி முன்னோடியைப் பார்க்க வேண்டுமானால் வாஷிங்டனின் கிளீவ்லண்ட் பார்க் பகுதிக்குத்தான் போக வேண்டும்.

அங்கே கனெக்டிகட் அவென்யூவில் 1930இல் ‘பார்க் அண்ட் ஷாப்’ திறக்கப்பட்டது. கட்டடக் கலைஞர் ஆர்தர் ஹீட்டன் செய்த மாற்றம் எளிமையானது. நடைபாதை விளிம்பில் நிற்க வேண்டிய கடைகளைப் பின்னுக்குத் தள்ளி, ‘ட’ வடிவில் வளைத்து, முன்னால் கிடைத்த வெற்றிடத்தைக் கார்களுக்குக் கொடுத்தார். பிக்லி விக்லி மளிகைக் கடை அதன் பெரிய வாடகைதாரர். வேண்டிய பொருளை வாடிக்கையாளரே எடுத்துக்கொள்ளும் முறையை 1916இல் மெம்ஃபிஸ் நகரில் தொடங்கிய நிறுவனம் அது. அதே 1930இல் நியூயார்க்கின் குயீன்ஸ் பகுதியில் மைக்கேல் கல்லன் தம்முடைய கிங் கல்லன் சூப்பர் மார்க்கெட்டைத் திறந்தார். குறைந்த லாபத்தில் மொத்தமாக விற்பது அவர் வழி. ஒரு வாரத்துக்கு வேண்டியதை ஒரே நடையில் வாங்குபவருக்குக் கார் வேண்டும், காருக்கு இடம் வேண்டும். சூப்பர் மார்க்கெட்டும் வாகன நிறுத்துமிடமும் அப்போதே பிரிக்க முடியாதபடி சேர்ந்துவிட்டன.

வளைந்த கட்டடத்தையும் வாகன நிறுத்துமிடத்தையும்விட முக்கியமான மாற்றம் கண்ணுக்குத் தெரியாதது. கடைகள் அனைத்தும் ஒரே உரிமையாளரின் கைக்கு வந்தன. எந்தக் கடை வரலாம், எது கூடாது, யாருக்குப் பக்கத்தில் யார், எத்தனை மணி வரை திறந்திருக்க வேண்டும் என்பதையெல்லாம் ஒருவரே முடிவு செய்யலாம். தெருவில் தானாக அமைந்த கடைக் கலவை இங்கே திட்டமிட்டுத் தேர்ந்தெடுக்கப்படுகிறது. வாடிக்கையாளர்களும் ஒருவகையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே. நிக்கோல்ஸ் உருவாக்கிய குடியிருப்புகளின் கிரயப் பத்திரங்களில் கறுப்பினத்தவருக்கு வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்ற நிபந்தனை இருந்தது. இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1948இல்தான். அதற்குள் புறநகரின் முகம் ஒரே நிறமாக உறைந்துவிட்டது. இந்தக் கடைத்தொகுதிகளின் வரலாற்றை எழுதும்போது இதை அடிக்குறிப்பாக ஒதுக்குவது சரியல்ல.

ஒரு வரிச் சட்டம் கட்டிய கட்டடங்கள்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு புறநகர்கள் பெருகின, அதனால் கடைகளும் பெருகின என்று சொல்வது வழக்கம். அது பாதி உண்மை. மறுபாதி 1954ஆம் ஆண்டின் அமெரிக்க வருமான வரிச் சட்டத்தில் இருக்கிறது.

கட்டடம் ஆண்டுதோறும் தேய்கிறது என்று கருதி அதன் மதிப்பில் ஒரு பகுதியைச் செலவாகக் கணக்கில் காட்ட வரிச் சட்டம் அனுமதிக்கிறது. இதைத் தேய்மானம் என்கிறோம். 1954 வரை அந்தத் தொகை பொதுவாக ஆண்டுக்கு ஆண்டு சமமாகவே இருந்தது. புதிய சட்டம், தேய்மானத்தின் பெரும்பகுதியைத் தொடக்க ஆண்டுகளிலேயே கழித்துக்கொள்ள வழி செய்தது. விளைவு என்ன? கடைத்தொகுதி ஒழுங்காக வாடகை ஈட்டிக்கொண்டிருக்கும், கணக்குப் புத்தகத்திலோ நட்டம் தெரியும். அந்த நட்டத்தைக் காட்டி மற்ற வருமானத்துக்கான வரியைக் குறைத்துக்கொள்ளலாம். சில்லறை வியாபாரத்தோடு சம்பந்தமே இல்லாதவர்கள்கூட இதில் பணம் போட ஆர்வம் காட்டினார்கள்.

இதில் இரண்டு நுணுக்கங்கள் உண்டு. நிலம் தேய்வதில்லை, கட்டடம்தான் தேய்கிறது. ஆகவே நிலம் விலை குறைவாகவும் கட்டடச் செலவு அதிகமாகவும் உள்ள இடத்தில்தான் சலுகை கூடுதலாகக் கிடைக்கும். அப்படிப்பட்ட இடம் நகரின் விளிம்பு. அடுத்து, முழுச் சலுகை புதிய கட்டடங்களுக்கே கிடைத்தது. நகர மையத்தில் பழைய கடையை வாங்கிச் சீர்படுத்துபவருக்கு அந்த அளவு லாபமில்லை. வரலாற்றாய்வாளர் தாமஸ் ஹான்செட் 1996இல் இந்தத் தொடர்பை விரிவாக எடுத்துக்காட்டினார். மக்கள் விரும்பியதால்தான் பழைய கடைத்தெருக்கள் காலியாயின என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். அரசு ஒரு பக்கத் தட்டில் பணத்தை வைத்திருந்தது என்பதையும் சேர்த்துத்தான் அந்தக் கதையைச் சொல்ல வேண்டும்.

சீக்கிரம் கட்டி, சீக்கிரம் தேய்மானம் கழித்து, சீக்கிரம் விற்றுவிடும் எண்ணத்தில் எழுந்தவை பல. தட்டையான கூரை, வெற்றுச் சுவர், கண்ணாடி முகப்பு, அவ்வளவுதான். அழகில்லை என்று கட்டடக் கலைஞர்கள் முகம் சுளித்த அந்த மலிவே பின்னாளில் வேறொரு கூட்டத்துக்குக் கதவைத் திறந்துவிட்டது. அதைப் பிறகு பார்ப்போம்.

பெரிய கடை கொடுக்காததைச் சிறிய கடை கொடுக்கிறது

கடைத்தொகுதித் தொழிலின் பன்னாட்டு அமைப்பு 1957இல் தொடங்கப்பட்டது. அதன் வகைப்பாட்டில் அக்கம்பக்கக் கடைத்தொகுதி என்பது சுமார் 30,000 முதல் 1,25,000 சதுர அடி வரையிலானது. சூப்பர் மார்க்கெட்டை முதன்மைக் கடையாகக் கொண்டது. ஏறத்தாழ மூன்று மைல் சுற்றளவில் வசிப்பவர்களை நம்பியிருப்பது.

முதன்மைக் கடைதான் ஆட்களை இழுத்து வருகிறது. பால் வாங்க வந்தவர் சலவைக்குத் துணி கொடுக்கிறார், முடி வெட்டிக்கொள்கிறார், போகிற வழியில் பீட்சா வாங்குகிறார். இந்த வருகைக்கு ஒரு விலை உண்டு. சூப்பர் மார்க்கெட் ஒரு சதுர அடிக்குக் கொடுக்கும் வாடகை மிகக் குறைவு. பக்கத்துச் சிறு கடைகள் அதே சதுர அடிக்கு அதைவிடப் பல மடங்கு கொடுப்பது சாதாரணம். பெரிய கடையின் நீண்ட காலக் குத்தகையைக் காட்டித்தான் உரிமையாளர் வங்கியில் கடன் வாங்குகிறார். எனவே பேரம் பேசும் வலிமை முழுவதும் பெரிய கடையின் கையில் இருக்கிறது. தன் முகப்பை மறைக்கும் கட்டடம் எழக் கூடாது, உடற்பயிற்சிக் கூடமோ திரையரங்கோ மதுக்கூடமோ தன் வாசலருகே வரக் கூடாது என்றெல்லாம் அது நிபந்தனை விதிக்கும். அங்கே வருபவர்கள் காரை மணிக்கணக்கில் நிறுத்திவிடுவார்கள் என்பது அதன் கவலை. பக்கத்தில் ஒரு சிறிய யோகா வகுப்பு தொடங்க நினைப்பவருக்கு இடம் மறுக்கப்பட்டால், காரணம் இப்படி எங்கோ பதினைந்து ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட வரியாக இருக்கலாம்.

சிறு கடைக்காரரின் குத்தகையைப் பிரித்துப் பார்த்தால் மாத வாடகை என்பது முதல் வரி மட்டுமே. சொத்து வரி, காப்பீடு, பொதுப் பராமரிப்பு ஆகிய மூன்றிலும் அவர் பங்கு கொடுக்க வேண்டும். தொகுதியின் மொத்தப் பரப்பு 60,000 சதுர அடி, அவர் கடை 1,200 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். பொதுச் செலவில் இரண்டு சதவீதம் அவருடையது. பனிக்காலத்தில் நிறுத்துமிடத்துப் பனியை அள்ள 50,000 டாலர் செலவானால் 1,000 டாலர் அவர் தலையில். பனி அதிகம் பொழிந்த ஆண்டில் வாடிக்கையாளர் வரவு குறையும், பராமரிப்புக் கட்டணமோ கூடும். தார் போடுவது, விளக்கு மாற்றுவது, கூரை பழுது பார்ப்பது, நிர்வாகக் கட்டணம் என்று பட்டியல் நீளும். சில முதன்மைக் கடைகள் தம் பங்குக்கு உச்சவரம்பு எழுதி வாங்கிவிடும். மிச்சம் சிறியவர்கள் மேல் விழ அந்தப் பத்திரம் இடம் தருகிறதா என்பதைக் கையெழுத்துக்கு முன் கேட்கத் தெரிந்தவர்கள் குறைவு.

விற்பனையில் பங்கு கேட்பதும் உண்டு. ஆண்டு வாடகை 36,000 டாலர், பங்கு ஆறு சதவீதம் என்றால், விற்பனை ஆறு லட்சம் டாலரைத் தாண்டியதும் அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு நூறு டாலரிலும் ஆறு டாலர் உரிமையாளருக்குப் போகும். இது முழுக்க அநியாயம் என்று நான் சொல்லமாட்டேன். கடை செழித்தால் தானும் செழிக்கலாம் என்ற எண்ணம் உரிமையாளரை வளாகத்தை நன்றாக வைத்திருக்கத் தூண்டும். என்னை உறுத்துவது தனிநபர் உத்தரவாதம். கடை நிறுவனத்தின் பெயரில் இருந்தாலும், வாடகை பாக்கிக்குக் கடைக்காரர் தம் சொந்தச் சேமிப்பையும் வீட்டையும் பொறுப்பாக எழுதிக் கொடுக்கிறார். ஐந்தாண்டுக் குத்தகையில் இரண்டாம் ஆண்டே வியாபாரம் படுத்தால், கடையை மூடினாலும் மிச்சக் காலத்துப் பாக்கி அவரைத் துரத்தும். வெளியே ‘திறந்திருக்கிறது’ என்ற விளக்கு எரியும் எத்தனையோ கடைகள் இந்த அச்சத்தால் மட்டுமே திறந்திருக்கின்றன.

சாண்ட்விச் என்றால் என்ன?

ஒரே தொகுதியில் இரண்டு மருந்துக் கடையோ இரண்டு பீட்சா கடையோ பெரும்பாலும் இருக்காது. காரணம் தனியுரிமை விதி. ‘இந்தப் பொருளை இங்கே நான் மட்டுமே விற்பேன்’ என்று ஒரு கடை எழுதி வாங்கிக்கொள்வது இது. சிறு கடைக்குக் கிடைக்கக்கூடிய பாதுகாப்புகளில் மதிப்பு மிக்கது இதுதான். ஆனால் எழுத்து எவ்வளவு நுட்பமாக இருக்க வேண்டும் என்பதற்கு மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஷ்ரூஸ்பரியில் நடந்த ஒரு வழக்கு நல்ல சான்று.

அங்குள்ள ஒயிட் சிட்டி கடைத்தொகுதியில் பனேரா பிரெட் உணவகம் நடத்தியவர்கள், மொத்த விற்பனையில் பத்து சதவீதத்துக்கு மேல் சாண்ட்விச்சிலிருந்து ஈட்டக்கூடிய வேறு கடை வரக் கூடாது என்ற விதியைப் பெற்றிருந்தார்கள். உரிமையாளர் மெக்சிகோ பாணி உணவு விற்கும் க்டோபாவுக்கு இடம் கொடுத்தார். புரிட்டோவும் சாண்ட்விச்தான் என்று வாதாடிப் பனேரா தரப்பு தடை கேட்டது. சாண்ட்விச்சுக்கு இரண்டு துண்டு ரொட்டி வேண்டும், புரிட்டோ ஒரே மாவுத் தகட்டில் சுற்றியது, ஆகவே அது சாண்ட்விச் அல்ல என்று 2006இல் நீதிபதி தடையை மறுத்தார். இந்தியானா மாநிலத்தின் ஃபோர்ட் வேனில் 2024இல் எதிர்த்திசையில் ஒரு தீர்ப்பு வந்தது. அங்கே ஒரு சிறிய தொகுதிக்கும் அருகிலிருந்த குடியிருப்போர் சங்கத்துக்கும் இடையிலான உடன்படிக்கை, சாண்ட்விச் தயாரித்துத் தரும் உணவகத்தை அனுமதித்திருந்தது. டாக்கோ கடை அதற்குள் அடங்குமா என்ற கேள்வி எழுந்தபோது, டாக்கோவும் புரிட்டோவும் மெக்சிகோ பாணிச் சாண்ட்விச்சுகளே என்றார் நீதிபதி. கடை திறக்க வழி பிறந்தது.

செய்தித்தாள்கள் இவற்றை வேடிக்கைச் செய்திகளாக வெளியிட்டன. இடம் பிடித்து அடுப்பு வாங்கிக் காத்திருக்கும் குடும்பத்துக்கு அதில் வேடிக்கை ஒன்றும் இல்லை. பெரிய சங்கிலி நிறுவனமே சொற்களைச் சரியாக வரையறுக்காமல் தோற்றது. வழக்கறிஞர் வைக்கவே வசதியில்லாத ஒருவர், உரிமையாளரின் அச்சடித்த படிவத்தில் கையெழுத்திடும்போது எதைப் பாதுகாத்துக்கொள்ள முடியும்?

விளக்கணைந்த பெரிய கடை

இப்போது தலைப்பின் கேள்விக்கு வருவோம். சூப்பர் மார்க்கெட் ஒருநாள் மூடுகிறது. புதிய நெடுஞ்சாலை ஓரத்தில் அதைவிடப் பெரிய கடை கட்டியிருப்பார்கள், அல்லது இரண்டு நிறுவனங்கள் இணைந்ததில் ஒன்று மிகையாகியிருக்கும். குத்தகை முடிய இன்னும் பல ஆண்டுகள் இருக்கும். நிறுவனம் காலி இடத்துக்கு வாடகையைத் தவறாமல் கட்டிக்கொண்டே இருக்கும். இது முட்டாள்தனம் போலத் தோன்றும். அப்படியல்ல. அந்த இடத்தைக் கையை விட்டால் போட்டியாளர் வந்து உட்காருவார். வெற்றுக் கட்டடத்துக்குக் கொடுக்கும் வாடகை, போட்டியை வெளியே நிறுத்தி வைப்பதற்கான செலவு.

உரிமையாளருக்கு வாடகை வருகிறது, அவருக்கும் உடனடி அவசரமில்லை. பாதிப்பு வரிசையில் இருக்கும் சிறியவர்களுக்கு. பால் வாங்க வருபவர் இல்லை, ஆகவே சலவைக்குக் கொடுப்பவரும் இல்லை. இந்த ஆபத்துக்கும் ஒப்பந்த மருந்து இருக்கிறது. முதன்மைக் கடை மூடினால் தன் வாடகை குறைய வேண்டும், குறிப்பிட்ட மாதங்களுக்குள் மாற்றுக் கடை வராவிட்டால் தான் வெளியேறலாம் என்று ஒரு விதி எழுதலாம். நாடு முழுவதும் கிளை வைத்திருக்கும் மருந்துக் கடையும் காபிக் கடையும் இந்த விதியைப் பெற்றுவிடும். தெருமுனை சலூனுக்கு அது கிடைப்பது அரிது. எனவே விளக்கணைந்ததும் நடப்பது இதுதான்: தாக்குப்பிடிக்கும் பண வலிமை உள்ள சங்கிலிக் கடைகள் குறைந்த வாடகைக்கு இறங்குகின்றன அல்லது கிளம்பிவிடுகின்றன. வலிமையற்ற உள்ளூர்க் கடை பழைய வாடகையை முழுமையாகக் கட்டுகிறது. காலியான கடைகள் கூடக் கூட வரவு இன்னும் குறைகிறது. அக்கறையோடு கடை நடத்தியவர்கள் தங்கள் குற்றம் எதுவும் இல்லாமல் இப்படித்தான் கரைகிறார்கள். இந்தத் தொழிலில் திருத்த வேண்டியது எதுவென்று என்னைக் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன்.

கட்டடத்தையே சொந்தமாக வைத்திருக்கும் நிறுவனங்கள் இன்னும் ஒரு படி மேலே போகும். இடத்தை விற்கும்போது ‘இனி இங்கே மளிகைக் கடை நடத்தக் கூடாது’ என்ற நிபந்தனையைக் கிரயப் பத்திரத்திலேயே ஏற்றிவிடும். அது அடுத்தடுத்த உரிமையாளர்களையும் கட்டும். வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்ஹாம் நகரில் பர்ச்வுட் பகுதியிலிருந்த ஆல்பர்ட்சன்ஸ் கடை 2016இல் மூடப்பட்டபோது இப்படி ஒரு நிபந்தனை அந்த இடத்தில் தங்கிவிட்டது. கார் இல்லாதவர்களும் முதியவர்களும் அதிகமுள்ள பகுதியில் காய்கறி வாங்கும் இடம் இல்லாமல் போயிற்று. 2025 ஜனவரியில் அந்த மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார்.

இது அமெரிக்காவுக்கு மட்டும் உரிய நோய் அல்ல. பிரிட்டனில் போட்டி ஆணையம் மளிகைச் சந்தையை ஆராய்ந்து 2008இல் அறிக்கை கொடுத்தது. அதைத் தொடர்ந்து 2010இல் பெரிய சூப்பர் மார்க்கெட் நிறுவனங்கள் இத்தகைய நில நிபந்தனைகளை விதிப்பதைக் கட்டுப்படுத்தும் ஆணை பிறந்தது. கனடாவின் மனிடோபா மாகாணம் 2025இல் இதற்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. ஒரு நிறுவனம் தான் விற்கவும் மாட்டேன், பிறரை விற்கவும் விடமாட்டேன் என்று நிலத்தின் மேல் எழுதி வைக்க உரிமை இருக்கக் கூடாது. அக்கம்பக்கத்தின் உணவை மறிக்கும் அந்த வரிக்கு எந்த வணிக நியாயமும் போதாது.

கார்களுக்குக் கொடுத்த நிலம்

நிறுத்துமிடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆயிரம் சதுர அடிக் கடைப் பரப்புக்கு நான்கு அல்லது ஐந்து கார்களுக்கு இடம் என்பது நெடுங்கால வழக்கம். ஒரு கார் நிற்கவும் திரும்பவும் ஏறத்தாழ 300 சதுர அடி தேவை. அதாவது கடைக்கு ஒதுக்கியதைவிடக் காருக்கு ஒதுக்கியது அதிகம். பல நகரங்களில் இது சட்டக் கட்டாயமாகவும் இருந்தது. சலவைக் கடை இருந்த இடத்தில் உணவகம் வைக்க நினைத்தால், உணவகத்துக்கு அதிக நிறுத்துமிடம் வேண்டும் என்ற விதி குறுக்கே நிற்கும். புதிய இடத்தைத் தார்ச்சாலையிலிருந்தா தோண்டி எடுப்பது? பொருளியலாளர் டொனால்ட் ஷூப் பல பத்தாண்டுகளாக இதை எதிர்த்து எழுதினார். நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரம் 2017இல் இந்தக் கட்டாயத்தை நகர் முழுவதும் நீக்கியது. கலிபோர்னியா 2022இல் இயற்றிய சட்டம் முக்கியப் பொதுப் போக்குவரத்து நிலையங்களிலிருந்து அரை மைலுக்குள் அதை நீக்கியது. சிறு வியாபாரத்துக்குச் செய்யக்கூடிய உதவிகளில் அரசுக்குச் செலவே இல்லாதது இது.

மலிவின் கொடை

1950களிலும் 1960களிலும் கட்டிய தொகுதிகள் மூப்படைந்தன. பெரிய கடைகள் புதிய இடங்களுக்குப் போயின, வாடகை சரிந்தது. அந்தச் சரிவில் ஒரு புதிய வாழ்வு தொடங்கியது. வர்ஜீனியாவின் ஃபால்ஸ் சர்ச்சில் இருக்கும் ஈடன் சென்டர் இதற்கு மிகச் சிறந்த உதாரணம்.

1975இல் சைகோன் வீழ்ந்த பிறகு வாஷிங்டன் வட்டாரத்துக்கு வந்த வியட்நாமிய அகதிகள், ஆர்லிங்டனின் கிளாரெண்டன் பகுதியில் கடை வைத்தார்கள். மெட்ரோ ரயில் கட்டுமானத்தால் தெருக்கள் தோண்டப்பட்டிருந்ததால் அங்கே வாடகை குறைவு. 1979இல் நிலையம் திறந்து ரயில் ஓடத் தொடங்கியதும் வாடகை ஏறியது. அவர்கள் சில மைல் தள்ளி, மவுசு குறைந்திருந்த ஒரு பழைய கடைத்தொகுதிக்கு நகர்ந்தார்கள். 1984இல் அது ஈடன் சென்டர் ஆயிற்று. சைகோனில் இருந்த ஒரு கடை வளாகத்தின் பெயர் அது. சைகோனின் பென் தான் சந்தைக் கோபுரத்தை நினைவூட்டும் மணிக்கூண்டும் பின்னாளில் எழுந்தது. இன்று நூற்றுக்கு மேற்பட்ட கடைகள் அங்கே இயங்குகின்றன. பெரிய பரப்புகள் சிறு சிறு கூறுகளாகப் பிரிக்கப்பட்டு உள்நடைகளில் நகைக் கடையும் தையல் கடையும் அடுமனையும் நெருக்கமாக அமைந்தன. ஒரே சூப்பர் மார்க்கெட்டின் தயவில் நின்ற அமைப்பு, ஒருவருக்கொருவர் ஆள் சேர்த்துக்கொடுக்கும் அமைப்பாக மாறியது. அங்கே இழுப்புச் சக்தி சிறு கடைகளின் கூட்டம்தான்.

கட்டடத்தின் வெறுமை இதற்கு உதவியது. தாங்கு சுவர் இல்லாத நீள்சதுரக் கூடத்தை எப்படி வேண்டுமானாலும் மறிக்கலாம், அடுப்பு வைக்கலாம், வகுப்பு நடத்தலாம். முதல் முதலீடு சிறியதாக இருக்கும்போது முதல் தோல்வியும் தாங்கக்கூடியதாக இருக்கும். வந்து இறங்கியவர்கள் தொழில் தொடங்கப் பளபளப்பான கட்டடத்தைவிட வயதான கட்டடம் எவ்வளவோ மேல்.

இணைய வணிகம் வந்தபோது இந்தத் தொகுதிகளும் அழிந்துவிடும் என்ற பேச்சு எழுந்தது. துணிக் கடையும் புத்தகக் கடையும் அடி வாங்கின. ஆனால் முடி வெட்டுவதையும் பல் பிடுங்குவதையும் தபாலில் அனுப்ப முடியாது. பொருள் விற்ற இடங்களில் சேவை தருபவர்கள் வந்தார்கள்: பிசியோதெரபி, நகப் பராமரிப்பு, குழந்தைகளுக்கான கணக்கு வகுப்பு, கால்நடை மருத்துவர்.

பெருந்தொற்று வேறொரு பலவீனத்தைக் காட்டியது. கனடா அரசு 2020இல் சிறு கடைகளுக்கான வாடகை உதவித் திட்டத்தை அறிவித்தது. பாதியை அரசு தரும், கால் பங்கைக் கடைக்காரர் தருவார், கால் பங்கை உரிமையாளர் விட்டுக்கொடுக்க வேண்டும். கணக்கு நியாயமானது. ஆனால் விண்ணப்பிக்க வேண்டியவர் உரிமையாளர். அவர் மறுத்தால் கடைக்காரருக்கு எதுவும் இல்லை. பலர் மறுத்தார்கள். அந்த ஆண்டின் இறுதிக்குள் பணத்தை நேராகக் கடைக்காரருக்கே கொடுக்கும் புதிய திட்டம் வர வேண்டியிருந்தது. சிறு வியாபாரத்தைப் பற்றி முடிவெடுப்பவர்கள் குத்தகை உறவை எவ்வளவு தவறாகப் புரிந்துவைத்திருந்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டாம்.

வீடுகள் வருகின்றன

வீட்டுப் பற்றாக்குறை கடுமையான நகரங்களின் பார்வை இப்போது இந்த அகன்ற தார்த்தளங்களின் மேல் விழுந்திருக்கிறது. கலிபோர்னியாவில் 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டம், வணிகச் சாலைகளை ஒட்டிய இத்தகைய நிலங்களில் குடியிருப்புகள் கட்ட விரைவு அனுமதி தருகிறது. வீடுகள் வேண்டும் என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. கார் நிற்பதற்கென்று ஏக்கர் கணக்கில் ஒதுக்கிய நிலத்தில் மனிதர்கள் குடியிருப்பது நல்லது, அவர்களே கீழ்த்தளக் கடைகளின் வாடிக்கையாளர்களாகவும் ஆவார்கள். ஆனால் புதிய கட்டடத்தின் கீழ்த்தள வாடகை பழைய சலவைக் கடையால் கட்டக்கூடியதாக இராது. இடித்துக் கட்டும் மூன்று ஆண்டுகளில் அதன் வாடிக்கையாளர்கள் வேறு இடம் பார்த்துவிடுவார்கள்.

அந்தச் சட்டம் இதை ஓரளவு எண்ணிப் பார்த்திருக்கிறது. இடம்பெயர நேரும் உள்ளூர்ச் சிறு கடைக்குக் கட்டுமான நிறுவனம் உதவித்தொகை தர வேண்டும், கடை அங்கே எத்தனை ஆண்டுகள் இருந்ததோ அதற்கேற்பத் தொகை கூடும். ஓரிடத்தில் இருபது ஆண்டுகள் கடை நடத்தியதற்கு மதிப்பு உண்டு என்று சட்டம் ஒப்புக்கொள்வது சிறிய விஷயமல்ல. 2025 தொடக்கத்தில் அதே மாநிலத்தில் நடைமுறைக்கு வந்த இன்னொரு சட்டம், ஐந்து பேர் வரை வேலை செய்யும் நுண்தொழில்களுக்கும் சிறு உணவகங்களுக்கும் சில உரிமைகளைக் கொடுத்தது. பத்து சதவீதத்துக்கு மேல் வாடகை உயர்த்தினால் 90 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பராமரிப்புக் கட்டணத்தை விருப்பப்படி ஏற்ற முடியாது, செலவுக்கு ஆதாரம் காட்ட வேண்டும். குத்தகைப் பேச்சு ஸ்பானிய, சீன, வியட்நாமிய, கொரிய, டகாலோக் மொழிகளில் நடந்திருந்தால், பத்திரத்தின் மொழிபெயர்ப்பையும் அந்த மொழியில் தர வேண்டும். ஆனால் இந்த உரிமைகள் தாமாக வருவதில்லை. தகுதியுள்ளவர் என்று கடைக்காரரே உரிமையாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். காலை ஆறு மணிக்குக் கதவைத் திறந்து இரவு பத்துக்குப் பூட்டுபவர் சட்டத்தைத் தேடிப் படிக்கமாட்டார். வரிசை வரிசையாகக் கடைகளுக்குள் நுழைந்து இதை எடுத்துச் சொல்வதும், அறிவிப்புக் கடிதத்தை எழுதிக் கொடுப்பதும் உள்ளூர் நகராட்சிகளும் வணிகர் சங்கங்களும் இந்த ஆண்டே செய்யக்கூடிய வேலை. குடியிருப்புத் திட்டத்துக்கு அனுமதி கேட்டு விண்ணப்பம் வந்த பிறகு தொடங்கினால், பெரும்பாலான குத்தகைகள் அதற்குள் முடிந்திருக்கும்.